ஹாங்சோவுக்கு முதல் தடவை போகிறீர்களா? ஏரி, சாப்பாடு, தேநீர்: ஒரு வழிகாட்டி

ஷாங்காய் வரை போகிறவர்களில் பலர் ஹாங்சோவை ஒரு பகலில் பார்த்து முடிக்கிறார்கள். காலை பத்து மணிக்கு வந்து இறங்குவது, கூட்டத்தோடு கூட்டமாக ஏரிக்கரையில் நின்று படம் எடுப்பது, படகில் ஒரு சுற்று, மாலை ரயில். முதல் தடவை நானும் அப்படித்தான் போய் வந்தேன். இரண்டாம் தடவை இரண்டு இரவு தங்கினேன். ஊர் பிடிபட்டது அப்போதுதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். விடியற்காலையிலும் விளக்கு வைத்த பிறகும் இருக்கிற ஏரி வேறு, பகல் பத்து மணிக்குப் பார்க்கிற ஏரி வேறு.

ஹாங்சோ, ஜெஜியாங் மாகாணத்தின் தலைநகரம். 1138 முதல் 1276 வரை தெற்கு சோங் அரசின் தலைநகராக இருந்த ஊர். உலகிலேயே மிகச் சிறந்த நகரம் என்று மார்க்கோ போலோ எழுதி வைத்தது இதைப் பற்றித்தான். ஏரியின் பெயர் சீ ஹூ, அதாவது மேற்கு ஏரி. பரப்பு சுமார் ஆறரை சதுர கிலோமீட்டர், சுற்றி நடந்தால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏரிக்கரைப் பூங்காக்களுக்கு 2002 முதல் நுழைவுக் கட்டணம் கிடையாது. கோபுரம், கோயில், தீவு என்று தனித்தனி இடங்களுக்கு மட்டும்தான் டிக்கெட்.

கிளம்பும் முன்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா வேண்டும். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்தும் மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜூலையிலிருந்தும் 30 நாள் வரை விசா தேவையில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் முன் சீனத் தூதரகப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக வருகிறவர்களுக்கு ஹாங்சோவுக்கே நேரடி விமானம் உண்டு. ஷாங்காயில் இறங்கி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது பணம். ஊரில் டீக்கடை முதல் படகுக்காரர் வரை எல்லோரும் கியூஆர் கோடைத்தான் நீட்டுவார்கள். நம் யுபிஐ அங்கே வேலை செய்யாது. வீட்டிலிருக்கும்போதே அலிபே ஆப்பை இறக்கி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, உங்கள் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துவிடுங்கள். வங்கியில் சொல்லி வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க மறக்க வேண்டாம். ஓடிபி வர வேண்டியிருக்கும் என்பதால், இதை அங்கே போய்ச் செய்வது பெரிய தலைவலி. 200 யுவானுக்கு மேல் போகிற ஒவ்வொரு பில்லுக்கும் 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். சமாளிக்க நானூறு ஐந்நூறு யுவான் நோட்டாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு யுவான் நோட்டு ஒன்று இருக்கட்டும், பின்னால் தேவைப்படும். கடைக்காரர்கள் பேச்சில் யுவானைக் ‘குவாய்’ என்பார்கள், குழம்ப வேண்டாம்.

கூகுள், வாட்ஸப், யூடியூப் எல்லாம் சீனாவின் இணைய இணைப்பில் திறக்காது. உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போனால், அல்லது வெளிநாட்டு இசிம் வாங்கிக்கொண்டால் திறக்கும். ஹோட்டல் வைஃபையை நம்பிப் போகாதீர்கள். வழி பார்க்க ‘அமாப்’ என்ற வரைபட ஆப் நல்லது, ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம் பதிவு செய்யும்போது வெளிநாட்டு பாஸ்போர்ட் ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். சின்ன விடுதி ஒன்றில் இரவு பத்து மணிக்குப் பையோடு நின்று, பதிவு செய்யத் தெரியவில்லை என்று கைவிரிக்கப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

எப்போது போகலாம்

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பீச் பூவும் வில்லோ மரத் துளிரும் புதுத் தேயிலையும் சேர்ந்து வரும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும். அந்தக் காலத்தில் கொஞ்ச நாளைக்கு ஊர் முழுக்க குய்ஹுவா பூ மணக்கும். மரம் கண்ணில் படுவதற்கு முன்பே மணம் வந்து சேர்ந்துவிடும். ஜூனில் ஓயாத மழை. ஜூலை, ஆகஸ்ட்டில் ஏரியில் தாமரை பூத்திருக்கும், ஆனால் வெயிலும் புழுக்கமும் நம்மூரையே தோற்கடிக்கும். அக்டோபர் 1 முதல் 7 வரையும் மே முதல் வாரமும் சீன அரசு விடுமுறை. அந்த நாட்களில் போகவே போகாதீர்கள். பாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

வந்து சேர்வது, தங்குவது

ஷாங்காய் ஹோங்ச்சியாவ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 12306 என்ற ரயில்வே ஆப் ஆங்கிலத்திலும் உண்டு. 15 நாளுக்கு முன்பு பதிவு திறக்கும். காகித டிக்கெட் வேண்டாம், பாஸ்போர்ட்டே டிக்கெட். ஹாங்சோவில் இரண்டு நிலையங்களைத் தெரிந்துகொண்டால் போதும். பெரும்பாலான ரயில்கள் நிற்பது கிழக்கு நிலையத்தில். வெறுமனே ‘ஹாங்சோ’ என்று இருப்பது பழைய நிலையம், ஏரிக்குப் பக்கம். இரண்டிலிருந்தும் மெட்ரோ 1ஆம் தடத்தில் ஏறி லோங்ஷியாங்ச்சியாவ் நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் ஏரி.

அந்த நிறுத்தத்தைச் சுற்றியோ, தெற்கே ஹெஃபாங் தெருப் பக்கமோ அறை எடுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. விடியற்காலையில் நடந்தே ஏரிக்குப் போக முடிவதுதான் முக்கியம்.

முதல் நாள்: ஏரியை நடந்து பாருங்கள்

ஆறு மணிக்கெல்லாம் ஏரியின் வடகிழக்கு மூலைக்குப் போய்விடுங்கள். அங்கேதான் ‘உடைந்த பாலம்’. பாலம் உடைந்தெல்லாம் இல்லை. மேட்டில் வெயில் பட்டுப் பனி உருகும்போது தூரத்திலிருந்து பார்த்தால் நடுவே அறுந்தாற்போல் தெரியும், அதனால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம். வெள்ளைப் பாம்பு பெண்ணுருவில் வந்து ஷூ ஷியான் என்ற இளைஞனைச் சந்தித்தது இங்கேதான் என்பது சீனர் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் உள்ளூர் முதியவர்கள்தான். ஒருவர் தாய்ச்சி பயிற்சி செய்வார். இன்னொருவர் ஆள் உயரக் கழியின் நுனியில் கட்டிய பஞ்சுத் தூரிகையை வாளித் தண்ணீரில் முக்கி, கல் தளத்தில் எழுதிக்கொண்டிருப்பார். நான் பார்த்தவர் நாலு வரி எழுதினார். நாலாவது வரிக்கு வரும்போது முதல் வரி காய்ந்துவிட்டது. அவர் திரும்பி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பாலத்திலிருந்து மேற்கே ஏரிக்கு நடுவே போகிற ஒரு கிலோமீட்டர் கரைக்கு பாய் ஜூயி என்ற கவிஞரின் பெயர். 822இல் இந்த ஊருக்கு ஆளுநராக வந்து, வயல்களுக்குத் தண்ணீர் போவதற்காக அணை கட்டியவர். அவர் கட்டியது இப்போது இல்லை. நாம் நடக்கிற கரை வேறு. மரியாதைக்காக அவர் பெயரைப் பிற்காலத்தில் வைத்திருக்கிறார்கள். கரை முடிகிற இடம் கூஷான் என்ற குன்றுத் தீவு. அதையும் தாண்டிப் போனால் யுவே ஃபெய் நினைவாலயம் வரும். இதைத் தவிர்க்காதீர்கள், மதியச் சாப்பாட்டோடு இதற்குச் சம்பந்தம் இருக்கிறது.

யுவே ஃபெய் வடக்கிலிருந்து வந்த படைகளோடு போரிட்ட தளபதி. முதலமைச்சர் சின் ஹுய் பொய்க் குற்றம் சாட்டி அவரை 1142இல் கொல்ல வைத்தார். குற்றம்தான் என்ன என்று கேட்டதற்கு ‘இருக்கலாம்’ என்ற பொருளில் மூன்றே எழுத்தில் சின் ஹுய் சொன்ன பதில் இன்றும் சீன மொழியில் வழக்குச் சொல்லாக நிற்கிறது. தளபதியின் சமாதிக்கு எதிரே சின் ஹுய்யும் மனைவியும் கூட்டாளிகள் இருவரும் இரும்புச் சிலைகளாக, கை பின்னால் கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கிறார்கள். காறித் துப்பாதீர்கள் என்று பலகை வைக்கிற அளவுக்கு மக்களின் கோபம் நீடித்திருக்கிறது. அந்தக் கோபம் அடுப்புக் கல்லிலும் ஏறியிருக்கிறது: ஊரில் விற்கிற ‘சோங் பாவ் ஹுய்’ என்ற சிற்றுண்டியில் கடைசி எழுத்து அந்த ‘ஹுய்’தான். எண்ணெயில் பொரித்த நீள மாவுக் குச்சியை வெங்காயத்தாளோடு மெல்லிய அப்பத்தில் சுற்றி, சூடான கல்லில் வைத்து இரும்புத் தட்டால் அழுத்துவார்கள். மாவுக் குச்சியே சின் ஹுய் என்பது ஐதீகம். ஓரம் மொறுமொறுப்பானதும் இனிப்பு சாஸும் மிளகாய் சாஸும் தடவிக் கொடுப்பார்கள். மிளகாயைக் கூடுதலாகத் தடவச் சொல்லுங்கள். மாமிசம் கிடையாது, விலையும் குறைவு.

நினைவாலயத்துக்கு எதிரேயிருந்து தெற்கே நீள்கிறது சு கரை. 2.8 கிலோமீட்டர், நடுவில் ஆறு வளைவுப் பாலங்கள், ஒரு பீச் மரம் ஒரு வில்லோ மரம் என்று மாறி மாறி நட்டிருக்கிறார்கள். ஏரியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1089இல் ஆளுநராக வந்த கவிஞர் சு தோங்போ பார்த்தபோது ஏரியில் பாதியளவு பாசியும் புல்லும் மண்டி மேடாகிவிட்டிருந்தது. ஹாங்சோவுக்கு மேற்கு ஏரி என்பது மனிதனுக்குக் கண்ணும் புருவமும் போல, அதை விட்டுவிடக் கூடாது என்று அரசருக்கு விண்ணப்பம் எழுதினார். அனுமதி வந்ததும் ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துத் தூர்வாரினார். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது? ஏரிக்குள்ளேயே தெற்கு வடக்காகக் குவித்தார்கள், அதுதான் இந்தக் கரை. ஒரே வேலையில் ஏரியும் ஆழமாயிற்று, மக்களுக்குக் குறுக்குவழியும் கிடைத்தது. தூர்வாருவது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கரையில் நடப்பது வெறும் காலாற நடப்பதாக இருக்காது.

கரையில் பாதி தூரம் போனதும் படகுத்துறை தெரியும். பெரிய படகில் ஏறினால் நடுத் தீவில் இறக்கிவிடுவார்கள். தீவுக்குத் தெற்கே தண்ணீரில் மூன்று சிறிய கல் கோபுரங்கள் நிற்கும். தூர்வாரிய பகுதியில் மறுபடி பயிர் வைத்து ஏரியைத் தூர்க்காமல் இருக்க, எல்லைக் குறியாக சு தோங்போ முதலில் நட்டவை என்பார்கள். இப்போது நிற்பவை 1621இல் வைத்தவை. பத்திரமாக வைத்திருந்த ஒரு யுவான் நோட்டை இப்போது எடுத்துத் திருப்புங்கள். அதே காட்சி. கைத்துடுப்புப் படகு வேண்டுமென்றால் விலைப் பலகை உள்ள துறையில் மட்டும் ஏறுங்கள். மணிக்கணக்கா ஆள் கணக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலத்துக்கு லேய்ஃபெங் கோபுரம். 975இல் கட்டிய செங்கல் கோபுரம். செங்கல் ஒன்று வீட்டில் இருந்தால் நோய் நொடி அண்டாது என்று ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டே போக, 1924 செப்டம்பர் 25 அன்று இடிந்து விழுந்தது. வெள்ளைப் பாம்பைத் துறவி ஒருவர் அடைத்து வைத்த கோபுரம் இதுதான் என்பது கதை. இப்போது இருப்பது 2002இல் எழுப்பிய புதுக் கட்டடம், லிஃப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. பழமை தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனாலும் அடித்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிற பழைய செங்கல் குவியலையும், உச்சியிலிருந்து ஏரி முழுவதையும் பார்க்க ஏறலாம். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போக ஏற்ற இடமும் இதுதான்.

சாப்பாடு

ஹாங்சோ சமையலில் காரம் இல்லை. லேசான இனிப்பு, அரிசி ஒயின், மூங்கில் குருத்து, நன்னீர் மீன், இவைதான் அடிப்படை. சிச்சுவான் காரத்தை நினைத்துப் போனால் சப்பென்றிருக்கும், மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

முதலில் சாப்பிட வேண்டியது தோங்போ ரோ. அந்தக் கரை போட்ட அதே கவிஞரின் பெயர்தான். தூர்வாரிய ஆட்களுக்கு அவர் சமைத்துக் கொடுக்கச் சொன்ன பன்றிக்கறி என்பார்கள். கொழுப்போடு கூடிய வயிற்றுக் கறியைச் சதுரமாக வெட்டி, தண்ணீருக்குப் பதில் அரிசி ஒயினும் சோயா சாஸும் ஊற்றி, சிறுதீயில் மணிக்கணக்கில் விடுவார்கள். ஆளுக்கு ஒரு துண்டு, சின்ன மண் சட்டியில் மூடியோடு வரும். சாப்ஸ்டிக்கை வைத்தாலே தோல் பிரிந்துவிடும். ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட முடியாது, வெறும் சோறு கேட்டு வாங்கி அதோடு சாப்பிடுங்கள்.

லோங்ஜிங் இறால் என்பது உரித்த நன்னீர் இறாலை லோங்ஜிங் என்ற இந்த ஊர்ப் பச்சைத் தேயிலைத் துளிரோடு வதக்குவது. மென்மையாக இருக்கும், நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். பிச்சைக்காரர் கோழி என்பது தாமரை இலையில் சுற்றிக் களிமண் பூசிச் சுட்ட முழுக் கோழி; மூன்று நாலு பேர் இருந்தால் சொல்லுங்கள். ஊரின் பேர்போன மேற்கு ஏரிப் புளிப்பு மீன் விஷயத்தில் உண்மையைச் சொல்கிறேன். புல் கெண்டையைப் பிளந்து கொதிநீரில் சில நிமிடமே வேகவைத்து, வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த கெட்டியான சாறு ஊற்றுவார்கள். எண்ணெயும் மசாலாவும் இல்லை, முள் நிறைய. சீனர்களிலேயே பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு மூன்றாவது வாயில்தான் ருசி புரிந்தது. மேசைக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். மீன் சில இடங்களில் எடைக்கு விலை, எத்தனை கிராம் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கூஷான் அடிவாரத்தில் 1848இல் தொடங்கிய லோ வாய் லோ உணவகம் இந்தப் பண்டங்களுக்குப் பேர்போனது. விலை கூடுதல், ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஏரி.

சைவர்கள் பயப்பட வேண்டாம். கடையில் ‘வோ ச்சிர் சூ’ என்று சொல்லுங்கள், ‘நான் சைவம்’ என்று அர்த்தம். கூடவே கறி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு, கறிச்சாறு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதி ஃபோனில் படமாக வைத்துக் காட்டுங்கள். அங்கே சைவச் சூப்பிலும் எலும்புச் சாறு ஊற்றுவார்கள், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டியவை: சோயாப் பால் ஆடையை மடித்துச் செய்கிற ‘சூ ஷாவ் அ’, சோயா சாஸிலும் சர்க்கரையிலும் வதக்கிய மூங்கில் குருத்து ‘யோ மன் சுன்’, தாமரைக் கிழங்கு மாவில் வெந்நீர் ஊற்றிக் கிண்டி குய்ஹுவா பூத் தூவித் தருகிற ‘ஓ ஃபன்’. கடைசியாகச் சொன்னது கூழ் மாதிரி, காலைக்கு நல்லது. ஹலால் வேண்டுவோர் பச்சைப் பலகை தொங்கும் லான்சோ நூடுல்ஸ் கடைகளைத் தேடலாம். சோங்ஷான் தெருவில் உள்ள ஃபெங்ஹுவாங் பள்ளிவாசல் சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று.

இரண்டாம் நாள்: கோயிலும் தேயிலையும்

லிங்யின் கோயிலுக்கு முந்தின நாளே ஆப்பில் முன்பதிவு நிலவரத்தைப் பார்த்துவிட்டு, காலை முதல் பஸ்ஸில் போய்விடுங்கள். இந்தியாவிலிருந்து வந்த ஹுய்லி என்ற துறவி நாலாம் நூற்றாண்டில் நிறுவிய கோயில். எதிரேயுள்ள சுண்ணாம்புக் குன்றைப் பார்த்துவிட்டு, ‘இது எங்கள் நாட்டுக் கழுகுமலை ஆயிற்றே, இங்கே எப்போது பறந்து வந்தது’ என்று அவர் கேட்டதாகக் கதை. அவர் சொன்னது பிகாரில் புத்தர் போதித்த கழுகுமலையை, நம் தமிழ்நாட்டுக் கழுகுமலையை அல்ல. குன்றின் பெயரே ‘பறந்து வந்த மலை’. பாறையிலும் குகைகளிலும் பத்தாம் நூற்றாண்டு முதல் பதினாலாம் நூற்றாண்டு வரை செதுக்கிய முந்நூறுக்கும் மேற்பட்ட புத்த உருவங்கள் இருக்கின்றன. கோயிலைவிட இவற்றுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். தொப்பை தெரியச் சிரிக்கிற மைத்ரேயரை எப்படியும் பார்த்துவிடுவீர்கள். குகைக்குள்ளே இருட்டில் இருப்பவர்களைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். கோயில் வளாகத்தில் சைவ நூடுல்ஸ் கிடைக்கும்.

அங்கிருந்து பஸ்ஸிலோ டாக்ஸியிலோ லோங்ஜிங் கிராமம். ஏப்ரல் 5ஆம் தேதிவாக்கில் வருகிற ச்சிங்மிங் நாளுக்கு முன் பறித்த துளிருக்குத்தான் ஏக மதிப்பு. அந்தச் சமயத்தில் போனால் வாசலிலேயே வறுப்பதைப் பார்க்கலாம். நான் பார்த்த வீட்டில் ஓர் அம்மா கையுறை இல்லாமல், சூடான வாணலியில் வெறும் உள்ளங்கையால் இலையை அழுத்தி, இழுத்து, உதறிக்கொண்டிருந்தார். அந்த அழுத்தத்தில்தான் லோங்ஜிங் இலை தட்டையாகிறது. வறுத்த பாசிப்பயறு மாதிரி மணம். நாலைந்து கிலோ பச்சை இலை ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கும் என்றால், விலையைப் பற்றிக் குறை சொல்ல மனம் வராது.

ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். வழியில் கூப்பிடுகிறவர்கள் வீட்டில் உட்கார்வதற்கு முன்பே ஒரு தம்ளர் எவ்வளவு என்று கேளுங்கள். தேயிலை விலை ஜின் கணக்கா லியாங் கணக்கா என்று கட்டாயம் கேளுங்கள். ஜின் என்றால் 500 கிராம், லியாங் என்றால் 50 கிராம். பத்து மடங்கு வித்தியாசம். சொந்தத்துக்கு 50 கிராமே போதும். வீட்டில் போடும்போது கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், 80 டிகிரிக்கு ஆறவிட்டு, கண்ணாடித் தம்ளரில் பால், சர்க்கரை இல்லாமல் போடுங்கள். இலை ஒவ்வொன்றாக நின்றபடி கீழே இறங்கும். பக்கத்திலேயே தேசியத் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, வாங்கும் முன் அங்கே போய்விட்டு வருவது நல்லது.

சாயங்காலம் ஹெஃபாங் தெரு. கடைகளில் பாதி எல்லா ஊரிலும் விற்கிற சாமான்தான். 1874இல் தொடங்கிய ஹூ ச்சிங் யூ தாங் மருந்துக்கடைக்குள் மட்டும் நுழைந்து, மரத்தூண்களையும் மூலிகை இழுப்பறைகளையும் பாருங்கள்.

மூன்றாம் நாள் காலை

நேரமிருந்தால் பெருங்கால்வாய். பெய்ஜிங்கிலிருந்து வருகிற கால்வாய் இந்த ஊரில்தான் முடிகிறது. வூலின்மென் துறையிலிருந்து நீர்ப் பேருந்தில் சில யுவான் கொடுத்து ஏறினால், 1631இல் முதலில் கட்டிய மூன்று வளைவு கோங்சென் பாலத்தில் இறங்கலாம். சுற்றிலும் பழைய ஆலைகளை அருங்காட்சியகங்களாக மாற்றியிருக்கிறார்கள்: கத்திக்கு, கத்தரிக்கோலுக்கு, குடைக்கு, விசிறிக்கு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏரியைவிட இது அதிகம் பிடிக்கலாம். திரும்ப மெட்ரோ 5ஆம் தடம்.

ரயிலுக்கு 45 நிமிடம் முன்பே நிலையத்தில் இருங்கள். பாதுகாப்புச் சோதனை உண்டு, வெளிநாட்டு பாஸ்போர்ட் தானியங்கிக் கதவில் சில சமயம் ஏறாது. ஓரத்தில் ஆள் நிற்கிற வழியாகப் போங்கள். டிக்கெட்டில் ஹாங்சோ என்று இருக்கிறதா, ஹாங்சோ கிழக்கு என்று இருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள். தெற்கு, மேற்கு என்று இன்னும் இரண்டு நிலையங்களும் இருக்கின்றன.